இன்சுலின் தொடங்கினதும் விழித்திரையில் புது ரத்தக்குழாய்: ஊசியை நிறுத்தலாமா?

நீங்களா நிறுத்தாதீங்க. அம்மாவோட எச்பிஏ1சி (கடைசி ரெண்டு மூணு மாச சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டுற அளவு) 12-ல இருந்து மூணே மாசத்துல 7.5-ன்னு எழுதியிருக்கீங்க; இறக்கம் ரொம்ப வேகம், அதுவே முதல்ல கண்ணை மோசமாக்கலாம். ஆக்ஸிஜனுக்குத் தவிக்கிற விழித்திரையில, குழாய்களை வளர்க்கிற விஇஜிஎஃப் புரதத்தை இன்சுலின் இன்னும் தூண்டக்கூடும். அப்படி முளைக்கிற குழாயோட சுவர் மெலிசு. கண்ணுக்குள்ள இருக்கிற ஜெல்லான விழிக்கூழ் சுருங்கி இழுத்தாலே ரத்தம் கசியும்.

1993-ல வெளியான டிசிசிடி ஆய்வுலயும் (டைப் 1 சர்க்கரை நோயாளிகள்) சர்க்கரையை இறுக்கமா கட்டுப்படுத்துற சிகிச்சை எடுத்த சிலருக்கு முதல் வருஷம் கண் மோசமாச்சு. ஆனா வருஷங்கள் போகப்போக அந்தக் குழுவுக்குத்தான் கண் பாதிப்பு குறைவு.

கண் டாக்டர் லேசரோ விஇஜிஎஃப்-ஐ அடக்குற ஊசியோ சொல்லியிருந்தா தள்ளிப்போடாதீங்க. பயோகிளிட்டசோன்ங்கிற சர்க்கரை மாத்திரை போட்டா கண் டாக்டர்கிட்ட சொல்லிடுங்க, விழித்திரையில நீர் கோக்கலாம். திடீர்னு கறுப்பு நூல்கள் மிதந்தாலோ திரை விழுந்த மாதிரி தெரிஞ்சாலோ அன்னிக்கே கூட்டிட்டுப் போங்க.