மெதுவான மடிக்கணினியில் கிராபிக்ஸ் மொட் போட்டால் கேம் வேகமாக ஓடுமா?

தம்பி கேட்டிருப்பதன் சாரம் இது: கனடாவிலிருந்து மாமா கொடுத்துவிட்ட பழைய மடிக்கணினி. மூன்றாம் தலைமுறை ஐ5 செயலி (சிபியு), அதற்குள்ளேயே இருக்கிற இன்டெல் எச்டி 4000 கிராபிக்ஸ், ஒற்றை 4 ஜிபி ராம். மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பும் ஜிடிஏ சான் அன்ட்ரியாசும் திக்கித் திக்கி ஓடுகின்றன. கிராபிக்ஸ் மொட் (கேமை மாற்றியமைக்கிற துணைக் கோப்பு) போட்டால் சரியாகிவிடும் என்று யூடியூபில் சொல்கிறார்கள், எதைப் போடுவது?

நான் கிளிநொச்சியில் கணினி திருத்துகிறவன். பாடசாலை விடுமுறை விட்டால் இந்தக் கேள்வி பையில் மடிக்கணினியோடு கடைக்கு வந்துவிடும். அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். மொட்களில் இரண்டு சாதி உண்டு. அழகுபடுத்துகிறவை ஒன்று, சுமையைக் குறைக்கிறவை மற்றது. காணொளிகளில் கண்ணைப் பறிக்கிற தண்ணீரும் வெயிலும் ஷேடர், ஈஎன்பி, ரீஷேட் என்கிற முதல் சாதியின் வேலை. ரீஷேட் என்ன செய்கிறது என்றால், கேம் ஒரு படத்தை வரைந்து முடித்த பிறகு அதன் ஒவ்வொரு புள்ளியையும் இன்னொரு தடவை கணக்குப் போட்டு நிறம் பூசுகிறது. ஏற்கெனவே மூச்சுத் திணறுகிற எச்டி 4000க்கு மேலதிக வேலை கொடுத்துவிட்டு வேகத்தை எங்கிருந்து எதிர்பார்ப்பது? அந்தக் காணொளியைப் பதிவு செய்தவரின் கணினியில் தனிக் கிராபிக்ஸ் அட்டை இருக்கும். அதைச் சொல்லாமல் "லோ எண்ட் பீசிக்கு" என்று தலைப்புப் போடுகிறார்கள். பார்வை எண்ணிக்கை ஏறினால் போதும் அவர்களுக்கு.

எச்டி டெக்ஸ்ச்சர் பக்கேஜும் (பொருட்களின் மேற்பரப்புப் படங்களின் தொகுப்பு) அப்படியே. மைன்கிராஃப்டின் இயல்பான கட்டியின் (பிளாக்) ஒரு முகம் 16க்கு 16 புள்ளிகள். 128க்கு 128 உள்ள பக்கேஜைப் போட்டால் ஒவ்வொரு முகத்துக்கும் 64 மடங்கு புள்ளிகள். உங்கள் கணினியில் கிராபிக்சுக்கென்று தனி நினைவகம் கிடையாது. அந்த 64 மடங்கும் விண்டோஸ் ஏற்கெனவே பாதியைத் தின்றுவிட்ட அதே 4 ஜிபியில்தான் இடம் பிடிக்கும்.

எதையும் தரவிறக்க முன்னர் ஒரு சோதனை செய்யுங்கள். கேமின் திரைத் தெளிவுத்திறனை 1366க்கு 768இலிருந்து 1024க்கு 576 ஆகக் குறையுங்கள். வரைய வேண்டிய புள்ளிகள் பத்து இலட்சத்துக்குச் சற்று மேலிருந்து ஏறக்குறைய 5 இலட்சத்து 90 ஆயிரமாக இறங்கும். இப்போது வேகம் நன்றாக ஏறினால் தடை கிராபிக்ஸ் பக்கம். கொஞ்சமும் அசையவில்லை என்றால் தடை சிபியுவில், ராமில் அல்லது சூட்டில். அந்த நிலையில் எந்தக் கிராபிக்ஸ் மொட்டும் உதவாது, தெளிவுத்திறனை இன்னும் குறைத்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளவும் வேண்டாம். மைன்கிராஃப்டில் எஃப்3 விசையை அழுத்தினால் செக்கனுக்கு எத்தனை ஃபிரேம் (படம்), கேமை ஓட்டுகிற ஜாவா மென்பொருள் எவ்வளவு நினைவகம் பிடித்திருக்கிறது என்பதெல்லாம் திரையிலேயே வரும்.

மைன்கிராஃப்டில்தான் மொட்டால் உண்மையான பலன் கிடைக்கும். ஃபேப்ரிக் என்ற மொட் லோடரை (மொட்களைக் கேமுக்குள் ஏற்றுவது) நிறுவி, அதன்மேல் சோடியம், லிதியம், ஃபெரைட்கோர் ஆகிய மூன்றையும் போடுங்கள். சோடியம் உலகத்தை வரைகிற பகுதியையே திருத்தி எழுதியிருக்கிறது. படத்தின் தோற்றம் மாறாது, வரைகிற முறை மாறும். லிதியம் விலங்குகளின் நடமாட்டம் போன்ற உள்கணக்குகளை இலேசாக்குகிறது, அதாவது சிபியுவின் பக்கம். ஃபெரைட்கோர் ராம் பாவனையைக் குறைக்கிறது, 4 ஜிபிக்காரருக்கு அது பெரிய உபகாரம். ஒரு விடயத்தை அறிந்துகொண்டு போடுங்கள்: சோடியத்தை ஆக்கியவர்கள் இன்டெலில் எச்டி 500 வரிசையும் அதற்குப் பிந்தியவையும்தான் எங்கள் பொறுப்பு என்று சொல்லியிருக்கிறார்கள். எச்டி 4000இல் டிரைவர் (கிராபிக்சை இயக்குகிற மென்பொருள்) கடைசிப் பதிப்பாக இருந்தால் ஓட வாய்ப்புண்டு, ஆனால் உத்தரவாதம் இல்லை. ஓடாவிட்டால் அதை நீக்கிவிட்டு ஒப்டிஃபைன் என்ற வேகமூட்டுகிற மொட்டைப் போடுங்கள். இரண்டையும் ஒன்றாகப் போட்டுவிட்டு "கேம் திறக்கவில்லை அண்ணா" என்று வருகிறவர்கள் நிறையப் பேர். அவை இரண்டும் ஒரே இடத்தில் கைவைக்கிறவை, ஒத்துப்போகாது.

மொட்டை விடப் பெரிய வித்தியாசம் ரெண்டர் தூரத்தில், அதாவது எவ்வளவு தூரம் வரை உலகத்தை வரைவது என்ற அமைப்பில் இருக்கிறது. அதை 12இல் வைத்தால் உங்களைச் சுற்றி 625 சங்க்குகள் (உலகத்தின் சதுரத் துண்டுகள்), 6இல் வைத்தால் 169. ஒரே ஒரு சறுக்குப்பட்டையை இழுப்பதால் வேலை ஏறக்குறைய நாலில் ஒன்றாகிவிடுகிறது! விலங்குகளும் மற்றவையும் எவ்வளவு தூரம் வரை இயங்குவது என்கிற சிமுலேஷன் தூரத்தை 5க்கு இறக்குங்கள். மேகத்தை நிறுத்துங்கள், துகள்களைக் குறையுங்கள். உச்ச ஃபிரேம் வீதத்தை 30 அல்லது 40இல் கட்டிவையுங்கள். 25க்கும் 60க்கும் இடையில் துள்ளுவதை விட ஒரே சீராக 30இல் ஓடுவது கண்ணுக்கு எவ்வளவோ மேல், கணினியும் அவ்வளவு சூடாகாது.

பழைய பதிப்பு விளையாடுவதில் வெட்கம் வேண்டாம். 2021 நவம்பரில் வந்த 1.18 பதிப்பில் உலகத்தின் உயரம் 256 கட்டியிலிருந்து 384 ஆனது. அந்தக் கூடுதல் உயரத்தையும் உங்கள் கணினிதான் சுமக்க வேண்டும். வீட்டில் தனியாக விளையாடுகிறீர்கள் என்றால் 1.12.2 அல்லது 1.16.5ஐ ஒப்டிஃபைனோடு எடுங்கள், சுகமாக ஓடும். இதை வாசிக்கிற இரண்டாம் தலைமுறைக் கணினிக்காரருக்கும் ஒரு சொல்: எச்டி 3000க்கு விண்டோசில் ஓப்பன்ஜிஎல் (கேம் படம் வரையப் பாவிக்கிற நியமம்) 3.1 வரைதான். 1.17இலிருந்து கேம் 3.2 கேட்கிறது. என்ன மொட் போட்டாலும் திறக்காது, 1.16.5ஓடு நிற்க வேண்டியதுதான்.

கேமைத் திறக்கிற லாஞ்சர் ஜாவாவுக்கு 2 ஜிபி ஒதுக்கினால் போதும். அதை 3 ஆக்கு, 4 ஆக்கு என்று எவராவது சொன்னால் கேட்காதீர்கள். மொத்தமே 4 ஜிபி உள்ள கணினியில் அப்படிச் செய்தால் விண்டோஸ் இடமில்லாமல் ஹார்ட் டிஸ்க்கை ராமாகப் பாவிக்கத் தொடங்கும். பிறகு ஒவ்வொரு சில செக்கனுக்கும் ஒரு முறை எல்லாம் உறைந்து நிற்கும்.

சான் அன்ட்ரியாசுக்கு வருவோம். 2005இல் கணினிக்கு வந்தபோது அது கேட்ட ஆகக் குறைந்த தகுதி 1 கிகாஹேர்ட்ஸ் பென்டியம் 3, 256 எம்பி ராம், 64 எம்பி கிராபிக்ஸ். உங்கள் கணினி அதைத் தூக்கத்திலேயே ஓட்ட வேண்டும். திக்குகிறது என்றால் அநேகமாக நீங்கள் விளையாடுவது மூலக் கேம் இல்லை. யாரோ புதுக் கார்களும் ஈஎன்பியும் திணித்து பென் டிரைவில் கைமாறி வந்த பிரதி. அந்தக் கேம் கார், வீதி, கட்டடம் எல்லாவற்றையும் ஏற்றி இறக்க 50 எம்பி அளவுதான் வைத்திருக்கிறது. மூலக் காரை விடப் பல மடங்கு கனமான நாலு மொட் கார்கள் தெருவில் நின்றால் அந்த இடம் நிரம்பி, கண்ணுக்கு முன்னால் வீதியே காணாமல் போய்விடும். கார் மட்டும் அந்தரத்தில் ஓடும். இதைக் கிராபிக்ஸ் கோளாறு என்று கொண்டுவருகிறார்கள். மொட் இல்லாத பிரதியை எடுத்து, சைலன்ட்பட்ச் ஒன்றை மட்டும் போடுங்கள். அது வேகத்தைக் கூட்டாது, பழைய பிழைகளைத் திருத்தும். ஃபிரேம் லிமிட்டரை (ஃபிரேம் வீதத்தைக் கட்டிவைக்கிற அமைப்பு) நிறுத்தாதீர்கள். ஃபிரேம் வீதம் 30ஐத் தாண்டினால் கார் ஓட்டமும் நீச்சலும் கோணலாகிவிடும், கேம் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது.

ஜிடிஏ 5 பற்றியும் கடைசியில் ஒரு வரி கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் தம்பி.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விடயம். எங்கள் பக்கத்தில் கணினி மெதுவாவதற்குப் பெரும் காரணம் கேமுக்குள்ளேயே இல்லை. சோளகக் காற்று வீசுகிற மாதங்களில் கிரவல் வீதியோரத்து வீட்டில் மேசையை விரலால் தொட்டுப் பாருங்கள், விரல் சிவக்கும். அதே மண்ணைத்தான் மடிக்கணினியின் விசிறியும் இழுக்கிறது. புதுக்குடியிருப்பு, விசுவமடுப் பக்கமிருந்து வருகிற கணினிகளின் அடித்தட்டைக் கழற்றினால் விசிறிக்கும் செப்புத் தகடுகளுக்கும் இடையில் மண்ணிறத்தில் கம்பளித் துண்டு போல ஒன்று படிந்திருக்கும். ஊசி முனையால் கிளப்பினால் முழுத் துண்டாகவே உரிந்து வரும். காற்று போக வழி இல்லை. சிபியுவின் வெப்பம் 100 பாகை செல்சியஸ் அளவுக்கு ஏறியதும் அது தன்னைக் காத்துக்கொள்ளத் தானாக வேகத்தைக் குறைத்துவிடும். விளையாடத் தொடங்கிச் சில நிமிடம் நன்றாக ஓடி, பிறகு நொண்டுகிறது என்றால் இதுதான் நோய். எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டு வெப்பத்தைப் பாருங்கள்.

சுத்தம் செய்வது கடினம் இல்லை. பற்றரியைக் கழற்றிவிட்டு, மெல்லிய தூரிகையால் தூசியை எடுங்கள், சிபியுவின் மேலுள்ள பழைய தேர்மல் பேஸ்டை (வெப்பத்தைக் கடத்துகிற பசை) துடைத்துப் புதிது பூசுங்கள். விசிறியில் காற்று ஊதும்போது விரலால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள், கண்டபடி சுழலவிடாதீர்கள். தயவுசெய்து ரயர் கடைக்குக் கொண்டுபோய்க் காற்றடிக்கிற குழாயால் அடிக்காதீர்கள். அதில் ஈரமும் வரும், விசிறியின் இதழும் போகும். கட்டிலில் மெத்தைமேல் வைத்து விளையாடுவதையும் நிறுத்துங்கள். மதிய நேரத்தில் தகரக் கூரைக்குக் கீழே எந்த மொட்டும் வேலை செய்யாது, பொழுது சாய்ந்த பிறகு விளையாடினால் அதே கணினி உற்சாகமாக ஓடும்.

சார்ஜரையும் பாருங்கள். மாமா கொடுத்துவிட்டது பழுதாகி, இங்கே மலிவாக ஒன்று வாங்கிப் பாவிக்கிறீர்களா? சில நிறுவனங்களின் மடிக்கணினிகள் தங்கள் சார்ஜரை அடையாளம் காணாவிட்டால் சிபியுவை அதன் ஆகக் குறைந்த வேகத்திலேயே கட்டிவைத்துவிடும். டாஸ்க் மனேஜரில் வேகம் கீழேயே நிற்கிறது, வெப்பமும் குறைவு, ஆனால் கேம் நகரவில்லை என்றால் சார்ஜரில் சந்தேகப்படுங்கள். விண்டோசின் மின்சாரத் திட்டம் சேமிப்பு நிலையில் இருக்கிறதா என்பதையும் ஒருக்கால் பார்த்துவிடுங்கள்.

காசு செலவழிக்க முடியும் என்றால் முதல் செலவு ராம். உங்கள் கணினியில் ஒரு துண்டு மட்டும் இருக்கிறது, பக்கத்துத் துளை பெரும்பாலும் வெறுமையாக இருக்கும். டிடிஆர்3 1600 ஒற்றைத் துண்டாக இருந்தால் செக்கனுக்கு 12.8 ஜிபி தரவுதான் போய்வரும், இரண்டு துண்டு போட்டால் 25.6. எச்டி 4000 தனக்கு வேண்டிய அனைத்தையும் ராமிலிருந்தே எடுப்பதால் இது அதற்கு நேரடியாகப் படும். இரணைமடுக் குளம் நிரம்பியிருந்தாலும் வாய்க்கால் ஒடுங்கியிருந்தால் கடைசி வயலுக்குத் தண்ணீர் வராதல்லவா, அந்தக் கதைதான். பழைய துண்டைக் கழற்றிக் கையோடு கடைக்குக் கொண்டுபோய், அதே வகை, அதே வேகத்தில் இன்னொரு 4 ஜிபி கேளுங்கள். பாவித்த ராமே போதும். எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடுகிற வேகமான சேமிப்பகம்) அதற்கு அடுத்த செலவு. அது ஃபிரேம் வீதத்தைக் கூட்டாது, உலகம் ஏறும்போது வருகிற வெட்டுகளைக் குறைக்கும்.

மொட்களை எடுக்கும் இடத்தில் கவனம். மொட்ரிந்த் தளத்திலிருந்து எடுங்கள். நான் சொன்ன மூன்றும் சில எம்பிதான், இரவு டேட்டாவுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. பெரிய தளம் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் கூடாது: 2023 ஜூனில் கேர்ஸ்ஃபோர்ஜ் தளத்திலேயே சில மைன்கிராஃப்ட் மொட்களுக்குள் ஃபிராக்சரைசர் என்ற தீநிரலைப் புகுத்தியிருந்தது பிடிபட்டது. பெயர் தெரிந்த, பலர் பாவிக்கிற மொட்களோடு நில்லுங்கள். "எஃப்பிஎஸ் பூஸ்டர்" என்று எக்ஸி கோப்பாக எது வந்தாலும் திறக்காதீர்கள், மைன்கிராஃப்ட் மொட் ஜார் கோப்பாகத்தான் வரும். டியூஷன் வகுப்பில் கைமாறுகிற பென் டிரைவைச் செருகினால், திறக்க முன்னர் வைரஸ் சோதனை செய்யுங்கள். கோப்புறைகள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருந்தால் ஒன்றையும் சொடுக்காமல் கழற்றிக் கொடுத்துவிடுங்கள்.

தங்கச்சியோடு சேர்ந்து கட்டிய உலகம் அழிந்துவிடுமோ என்று கேட்டிருந்தீர்கள். சோடியமும் மற்ற இரண்டும் உலகத்துக்குள் புதிய கட்டி எதையும் சேர்ப்பதில்லை, நீக்கினாலும் உலகம் அப்படியே இருக்கும். பதிப்பைக் குறைப்பதுதான் ஆபத்து. 1.20இல் கட்டிய உலகத்தை 1.16.5இல் திறக்காதீர்கள், உடைந்துவிடும். பழைய பதிப்புக்குப் போனால் புது உலகம் தொடங்க வேண்டும். எதைச் செய்வதானாலும் மைன்கிராஃப்ட் கோப்புறைக்குள் இருக்கும் சேவ்ஸ் என்ற கோப்புறையை முதலில் வேறோர் இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள்.