மனநல மருத்துவப் பயிற்சியில் பேசப்படும் 'கூட்டுப் பராமரிப்பு' என்றால் என்ன? அதைத் தனியாகக் கற்றுத்தர வேண்டுமா?

மனநலச் சிக்கல் உள்ளவர் வழக்கமாகப் போகும் பொது மருத்துவரிடமே சிகிச்சை பெறும் முறை இது. மருந்து எழுதுபவர் பொது மருத்துவர். நோயாளியை அடிக்கடி அழைத்து விசாரிப்பவர் ஒருங்கிணைப்பாளர். மனநல மருத்துவர் பெரும்பாலும் நோயாளியைப் பார்க்காமலே ஆலோசனை சொல்வார். களத்தில் இறங்காமல், ஸ்கோரைப் பார்த்து பேட்ஸ்மேனுக்குச் சொல்லியனுப்பும் பயிற்சியாளர் மாதிரி.

காரணம் எளிது: மனநல மருத்துவர்கள் குறைவு. நேரில் இருவரைப் பார்க்கும் நேரத்தில், வாரம் ஒருமுறை ஒருங்கிணைப்பாளரோடு உட்கார்ந்தால் ஏழெட்டுப் பேரைப் பற்றிப் பேசிவிடலாம்.

தனியாகக் கற்றுத்தரத்தான் வேண்டும். வார்டில் பழகிய பயிற்சி மருத்துவர் தடுமாறுவது இந்த வாராந்தர அமர்வில்தான். சுவாரசியமான கேஸிலேயே நேரம் போய்விடும். பேச வேண்டியது முன்னேற்றமில்லாமல் தேங்கி நிற்பவரைப் பற்றி. பி.எச்.க்யூ-9 என்ற மனச்சோர்வு வினாப்பட்டியலில் (0 முதல் 27) 18-இல் தொடங்கியவர் எட்டு வாரம் கழித்தும் 16 என்றால், அவர் பெயரே முதலில் வரவேண்டும். மாத்திரையை உண்மையிலேயே சாப்பிடுகிறாரா? அளவு போதுமா? மிதமிஞ்சிய உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறைக் கவனிக்காமல் விட்டோமா? மதிப்பெண் பாதியாகக் குறைந்தால் முன்னேற்றம். 5-க்குக் கீழே போவதே இலக்கு.

'மருந்தைக் கூட்டிப் பாருங்கள்' என்பதெல்லாம் ஆலோசனையே அல்ல. எவ்வளவு கூட்டுவது, எப்போது மறுபடி அழைப்பது, பலனில்லை என்றால் அடுத்து என்ன என்று எழுதித்தரப் பழக்க வேண்டும்.

பொது மருத்துவமனையில் மனநல மருத்துவருக்கு ஓர் அறை ஒதுக்கினாலே கூட்டுப் பராமரிப்பு என்று பலர் நினைக்கிறார்கள். எல்லா நோயாளிகளையும் ஒரே இடத்தில் காட்டும் பொதுப் பட்டியலும் மதிப்பெண் கண்காணிப்பும் இல்லையென்றால் அது வெறும் இடமாற்றம்.