கேளுங்க மாஷே: குதிரை மேல் ஒரு வாத்தியார்

கேள்வி: என் பேத்தி அமெரிக்காவில் செயின்ட் லூயிஸில் படிக்கிறாள். அங்கே ஃபாரஸ்ட் பார்க்கில் குதிரை மேல் உட்கார்ந்திருக்கும் ஒருவர் சிலையைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறாள். பேர் ஃபிரான்ஸ் சீகலாம். பிழைக்க வந்த ஊரில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து பட்டாளத்துக்குப் போனவராம். யார் மாஷே இவர்? வாத்தியாருக்கு எதற்குக் குதிரை?
- ஓய்வுபெற்ற தபால்காரர், கொழிஞ்சாம்பாறை

பதில்: பேத்தி சொன்னதில் ஒரே ஒரு திருத்தம். இவர் பட்டாளத்தில் இருந்து, தோற்று, ஊரைவிட்டு ஓடி, பிழைப்புக்கு வாத்தியாராகி, அப்புறம் மறுபடி பட்டாளத்துக்குப் போனவர்.

1824இல் ஜெர்மனியில், பாடன் நாட்டில் சின்ஸ்ஹைம் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்போது ஜெர்மனி ஒரே நாடு இல்லை, துண்டு துண்டாகக் கிடந்தது. நம் கேரளத்துச் சித்தூர் கொச்சி ராஜாவுக்கும் பக்கத்துப் பாலக்காடு மதராஸுக்கும் சொந்தமாக இருந்த காலத்தைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்களே, அந்த மாதிரி. கார்ல்ஸ்ரூ ராணுவப் பள்ளியில் படித்து லெப்டினன்ட் ஆனவர், 1848-49இல் ராஜா வேண்டாம் குடியரசு வேண்டும் என்று கிளம்பிய புரட்சியில் போய்ச் சேர்ந்தார். 24 வயதில் புரட்சி அரசுக்குப் போர் அமைச்சர்! நம்மில் பலர் அந்த வயதில் பி.எட். சீட்டுக்கு அலைந்துகொண்டிருந்தோம். பெரிய ஜெர்மன் ராஜ்யமான பிரஷ்யாவின் படை வந்து எல்லாவற்றையும் நொறுக்கியது. மிச்சமிருந்த ஆட்களைக் கூட்டிக்கொண்டு சுவிட்சர்லாந்துக்குள் தப்பினார். பிறகு இங்கிலாந்து, 1852இல் நியூயார்க்.

வேற்றூரில் வந்து இறங்குகிறவனுக்கு, நாலு எழுத்துப் படித்திருந்தால், வாத்தியார் வேலைதான் முதலில் கைகொடுக்கும். நானே பொள்ளாச்சிப் பக்கமிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு கோபாலபுரம் வழியாக இங்கே வந்தவன்தான். இவரும் நியூயார்க்கில் பாடம் நடத்தினார், 1857இல் செயின்ட் லூயிஸ் போய் அங்கே ஒரு ஜெர்மன்-அமெரிக்கப் பள்ளியில் ஆசிரியரானார், 1860இல் அந்த ஊர்ப் பொதுப் பள்ளிகளின் இயக்குநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். வந்து எட்டே வருஷம், பரவாயில்லை.

அடுத்த வருஷமே அமெரிக்க உள்நாட்டுப் போர்: அடிமைமுறையை விடமாட்டோம் என்று பிரிந்த தென்மாநிலங்கள் ஒருபக்கம், நாடு உடையக்கூடாது என்ற வடமாநிலங்கள் மறுபக்கம். செயின்ட் லூயிஸ் இருக்கும் மிசௌரி, அடிமைமுறை இருந்த மாநிலம். ஆளுநர் தென்பக்கத்துக்குச் சாய்ந்தவர். ஆனால் நகரத்தில் ஜெர்மன்காரர்கள் நிறைய, அவர்களில் மிகப் பலர் அடிமைமுறைக்கு எதிரி. படைக்கு ஆள் வேண்டும் என்றதும் அவர்கள் நம்பி வந்து நின்றது, தங்கள் பாஷையிலேயே உத்தரவு போடத் தெரிந்த இந்த வாத்தியாரிடம். 1861 மே மாதம் வடபக்கத்தின் மிசௌரி 3வது காலாட்படைக்குக் கர்னல். குதிரை அப்போது வந்ததுதான்.

கேள்வி: அவர் பெரிய வெற்றி எதுவும் பெற்றதாகத் தெரியவில்லையே? தோற்றவருக்கு எதற்குச் சிலை?
- ஆசிரியை, வேலந்தாவளம்

பதில்: டீச்சர், விடைத்தாள் திருத்துகிற கண்ணோடு பார்க்கிறீர்கள். ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. 1862 மார்ச்சில் ஆர்கன்சாவில் பீ ரிட்ஜ் என்ற இடத்தில் பீரங்கிகளை அவர் நிறுத்திய விதம்தான் இரண்டாம் நாள் சண்டையைத் திருப்பியது. அந்த மாதமே மேஜர் ஜெனரல் ஆக்கினார்கள்.

மற்றதெல்லாம் சறுக்கல்தான். 1861 ஆகஸ்டில் வில்சன்ஸ் கிரீக்கில் ஏறக்குறைய 1,200 பேரோடு சுற்றிப் போய் எதிரியின் முதுகுப்பக்கம் நின்றார். நல்ல திட்டம். எதிரே சாம்பல் நிறச் சட்டை போட்ட ஒரு படை வந்தது. இவர் பக்கத்து அயோவாப் படையும் சாம்பல் சட்டைதான் என்பதால் "நம்ம ஆளுங்க, சுடாதே" என்று நிறுத்திவிட்டார்கள். வந்தது லூசியானாக்காரர்கள், எதிரிகள். கிட்டத்தில் வந்து அவர்கள் சுட, படை சிதறி ஓடியது.

அதைவிட வேடிக்கை 1864 மே 15, வர்ஜீனியாவில் நியூ மார்க்கெட். ஆள் போதாமல் எதிர்த்தரப்பு ராணுவப் பள்ளி மாணவர்களையே களத்தில் இறக்கியது. 257 பையன்கள், சிலருக்கு 15 வயது. மழையில் உழவு நிலம் சேறாகி, ஓடும்போது அவர்கள் பூட்ஸ் சேற்றிலேயே மாட்டிக்கொண்டது. அந்த வயலுக்கு ‘தொலைந்த செருப்புகளின் வயல்’ என்றே பேர். அவர்களில் 10 பேர் செத்தார்கள், அதை வேடிக்கை என்று சொன்னது தப்புதான். ஆனாலும் வாத்தியாரைப் பள்ளிக்கூடப் பையன்கள் விரட்டியது வரலாற்றில் அடிக்கடி நடப்பதில்லை. அந்தக் குழப்பத்தில் சீகல், இங்கிலீஷ் மட்டுமே தெரிந்த அதிகாரிகளிடம் ஜெர்மனில் கத்தி உத்தரவு போட்டார் என்று சொல்வார்கள். ‘ஓடுவதைத் தவிர அவர் எதுவும் செய்ததில்லை’ என்ற ரீதியில் தலைமையகத்திலிருந்து ஜெனரல் ஹாலெக், வடபக்கத்துத் தலைமைத் தளபதி கிராண்டுக்கு எழுதினார். சீக்கிரமே பொறுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

சரி, அப்புறம் ஏன் சிலை? ஜெர்மனியில் பிறந்து வடபக்கத்துப் படையில் இருந்தவர்கள் சுமார் 2 லட்சம் பேர். "ஐ ஃபைட்ஸ் மிட் சீகல்" (நான் சீகலோடு சேர்ந்து சண்டை போடுகிறேன்) என்பது அவர்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்ட வாசகம். ‘ஃபைட்ஸ்’ இலக்கணப் பிழை, ‘மிட்’ ஜெர்மன். மற்றவர்கள் அதையே சொல்லிச் சொல்லிக் கேலி செய்தார்கள். தமிழ் வாடை அடிக்கும் மலையாளத்தில் தாலுகா ஆபீசில் பேசிப் பார்த்தவர்களுக்கு அந்தச் சிரிப்பு எப்படிப்பட்டது என்று விளக்க வேண்டாம். அந்த இலக்கணப் பிழையோடு நின்றவர்கள்தான் சிலைக்கு ஆசைப்பட்டார்கள், அவர் ஜெயித்த சண்டைகளை எண்ணிப் பார்த்து இல்லை. லிங்கனுக்கும் இது தெரியும். சீகலுக்குப் பெரிய பதவி கொடுத்ததில் பாதி அரசியல்.

நம் சித்தூர் பகவதி கோயில் கொங்கன்படைத் திருவிழாவையே பாருங்கள். கொங்குப் படை தோற்றதற்கு வருஷா வருஷம் விழா. கொங்குநாட்டிலிருந்து வந்த நானும் கூட்டத்தில் நின்று வாய்பிளந்து பார்க்கிறேன், ஒரு வருஷம்கூட எங்கள் ஆட்கள் ஜெயிக்கவில்லை!

கேள்வி: மாஷே, நீங்களும் ஆபீசரா இருந்தீங்களாமே, அம்மா சொன்னாங்க. போருக்குப் போனீங்களா?
- பத்தாம் வகுப்பு மாணவன், எருத்தேன்பதி

பதில்: அம்மா என்.சி.சி.யைச் சொல்லியிருப்பார். பள்ளி ஆசிரியர்களைத் தேர்ந்தெடுத்து, நாக்பூர் பக்கம் காம்டியில் பயிற்சி கொடுத்து, தேர்ட் ஆபீசர் என்று பதவி தருவார்கள். அடுத்து செகண்ட், ஃபர்ஸ்ட், சீஃப். எண்ணிக்கை கீழிருந்து மேலே போகும், குழம்பாதே. போரெல்லாம் இல்லை தம்பி, அதிகபட்சம் குடியரசு தின அணிவகுப்பு. உத்தரவெல்லாம் இந்தியில். கேரளாவில் இருக்கும் பள்ளி, தமிழ்ப் பிள்ளைகள், வாயில் "சாவ்தான், விஷ்ராம்". ஒரு வருஷம் மைதானத்தில் முன்வரிசை நேராகக் கொடிமரத்தைப் பார்த்து நடந்துகொண்டே இருக்க, ‘தம்’ என்று நிறுத்த வேண்டிய நான் பதற்றத்தில் "நில்லுங்கடா!" என்று கத்திவிட்டேன். அத்தனை பேரும் டக்கென்று நின்றார்கள். அதனால் நியூ மார்க்கெட் விஷயத்தில் மட்டும் சீகலை நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.

கேள்வி: போர் முடிந்ததும் மறுபடி பள்ளிக்கூடத்துக்கே போனாரா?
- அதே தபால்காரர் (ஒரே கார்டில் இரண்டு கேள்வி!)

பதில்: போகவில்லை. ஜெர்மன் பத்திரிகை ஆசிரியர், வரி அதிகாரி என்று போய், 1880களில் ஜனாதிபதி கிளீவ்லாந்து அவரை நியூயார்க்கில் பென்ஷன் ஏஜென்ட் ஆக்கினார். பழைய சிப்பாய்களுக்குப் பென்ஷன் பட்டுவாடா செய்யும் வேலை. டிரஷரி வாசலில் நின்று பழகிய உங்களுக்கும் எனக்கும் இது எவ்வளவு பெரிய பதவி என்று தெரியும். 1902இல், 77 வயதில் காலமானார். நியூயார்க்கில் ரிவர்சைட் டிரைவும் 106வது தெருவும் சேரும் இடத்தில் 1907இல் இன்னொரு குதிரைச் சிலை வைத்தார்கள். பேத்தி அந்தப் பக்கம் போனால் அதையும் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.