உணவுச் சங்கிலியில் 10 சதவீதம் போக, மீதி 90 சதவீத ஆற்றல் எங்கே போகிறது?

கேள்வி இதுதான்: ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் பத்து சதவீத ஆற்றல்தான் போய்ச் சேரும் என்கிறது பாடப்புத்தகம். ஆற்றலை அழிக்க முடியாது என்பதும் பாடம்தான். அப்படியானால் மீதித் தொண்ணூறு என்ன ஆனது?

அழியவில்லை. பெரும்பங்கு உயிரோடு இருப்பதற்கே செலவாகி, வெப்பமாக வெளியே போய்விட்டது. மிச்சம், தின்னப்படாமலோ செரிக்காமலோ வேறு வாய்களுக்குப் போனது. இந்த இரண்டாவது பங்கைப் பாடப்புத்தகம் ஒரு வரியில் முடித்துவிடுகிறது. எனக்கு அதில்தான் வருத்தம்.

எனக்கு ஊர் ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம் பக்கம். வீட்டில் மீன் தொழில், நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் டியூஷன். அதனால் புல், மான், புலி எல்லாம் சொல்லப் போவதில்லை. எங்களுக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. ஊர்ப் பேச்சில் வடகடல், தென்கடல்.

சீலா மீனின் குடலை எடுக்கும்போது கவனித்துப் பாருங்கள் (சென்னையில் இதை வஞ்சிரம் என்பார்கள்). இரைப்பையில் பல சமயம் சூடை (மத்தி வகைச் சிறு மீன்) கிடக்கும். கடைசியாக விழுங்கியது வெள்ளி மினுக்கம்கூடக் குறையாமல் இருக்கும். அதற்கு முன்னால் போனது தலை கரைந்து, நடுமுள்ளோடு சதை கூழாகத் தொங்கும். குடலுக்குள் கறுத்த சகதி மட்டும். "இப்பத்தான் முழுங்கியிருக்கு, செதில்கூடக் கரையல பாரு" என்று என் சித்தி அதைத் தூக்கிக் காட்டுவார். அந்தச் சூடையில் செரிக்காதது கழிவாகக் கடலுக்குப் போகும். செரித்ததிலும் பெரும்பகுதி சீலாவின் சதையாகாது. நின்ற இடத்தில் நிற்கிற மீனா அது? இரவும் பகலும் ஓட்டம்தான். வாலை அடிக்க, செவுளில் தண்ணீர் ஓட, உப்பைச் சமாளிக்க, முட்டை கட்ட என்று எல்லாவற்றுக்கும் அந்தச் சூடைதான் எரிகிறது. எரிந்ததன் வெப்பம் செவுள் வழியாகத் தண்ணீரில் கலந்துவிடும். மீனைத் தொட்டால் குளிர்ந்திருக்கிறதே, வெப்பம் எங்கே என்று பிள்ளைகள் கேட்பார்கள். உண்டாக உண்டாகவே கடல் வாங்கிக்கொள்கிறது, அதனால்தான் குளிர்ந்திருக்கிறது.

கடற்பசுவை வைத்துப் பார்த்தால் இன்னும் பளிச்சென்று தெரியும். எங்கள் பக்கம் ஆவுளியா என்பார்கள். ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது கிலோ கடற்புல் தின்கிற பிராணி. அத்தனையும் உடம்பில் ஒட்டினால் ஒரே மாதத்தில் ஒரு டன் கூடியிருக்க வேண்டும். கூடுவதில்லை. வளர்ந்த ஆவுளியா சுமார் நானூறு கிலோவிலேயே நிற்கிறது, சில வருடங்களுக்கு ஒரு குட்டிதான் போடுகிறது. அதுவும் வெப்ப இரத்தப் பிராணி வேறு, உடம்புச் சூட்டைக் காக்கவே தீனி வேண்டும். ஓங்கிலுக்கும் (டால்பின்) நீர்க்காகத்துக்கும் இதே கதைதான். பாலூட்டிகளிலும் பறவைகளிலும் தின்றதில் சதையாகச் சேருவது ஒன்றிரண்டு சதவீதம். மீன்கள் அந்த விஷயத்தில் சிக்கனம்.

அப்புறம், அந்தப் பத்து ஒன்றும் இயற்கை விதி இல்லை. இந்தக் கணக்கைத் தொடங்கி வைத்தவர் ரேமண்ட் லிண்டெமன் என்ற அமெரிக்க இளைஞர். மினசோட்டாவில் ஒரு சிறிய ஏரியை ஆராய்ந்து அவர் எழுதிய கட்டுரை 1942இல் வெளிவந்தது. அச்சில் வருவதற்கு முன்பே, 26 வயதில் இறந்துவிட்டார். அவருடைய ஏரியில் தாவர உண்ணிகளுக்குக் கிடைத்த எண் 13.3 சதவீதம், அவற்றைத் தின்பவற்றுக்கு 22.3. பிற்பாடு, 1995இல், மீன்வள ஆய்வாளர்களான டேனியல் பாலியும் வில்லி கிறிஸ்டென்சனும் 48 நீர்நிலைகளின் கணக்குகளைச் சேர்த்துப் பார்த்தபோது சராசரி பத்தையொட்டி வந்தது. சராசரிதான். இடத்துக்கு இடம் மாறும்.

சரி, பத்து என்றே வைத்துக்கொள்வோம். ஆயிரம் கிலோ மிதவைப் பாசியிலிருந்து நூறு கிலோ நுண்ணிறால் வகை, அதிலிருந்து பத்து கிலோ சூடை, அதிலிருந்து ஒரு கிலோ சீலா. ஏலத்தில் சூடை கூடை கூடையாகவும் சீலா எண்ணி எடுக்கிற மாதிரியும் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். விலையும் இப்படித்தான் என்று நினைத்துவிடாதீர்கள்; இறால் சங்கிலியில் கீழேதான் இருக்கிறது, விலையைப் பாருங்கள். உடம்பு பெரிதானால் சங்கிலியில் மேலே என்பதும் இல்லை. மீனிலேயே பெரியதான அம்மணி உழுவை (திமிங்கலச் சுறா) தின்பது பெரும்பாலும் மிதவை உயிர்களைத்தான். படி குறைந்தால் சேதாரமும் குறைவு, அவ்வளவு பெரிய உடம்புக்கும் தீனி கட்டுபடியாகிறது.

இனி அந்த இரண்டாவது பங்கு. பாக் விரிகுடா ஆழம் குறைந்தது, சராசரி பத்து மீட்டர் இருந்தால் அதிகம். வெயில் அடிவரை இறங்குவதால் கடற்புல் வயல் மாதிரி விரிந்து கிடக்கிறது. ஆனால் அதைப் பச்சையாகத் தின்ன ஆவுளியா, பேராமை, சில மீன்கள் என்று கொஞ்சம் பேர்தான். பெரும்பகுதி உதிர்ந்து அழுகிப் போகிறது. வாடைக் காலத்தில் வடகடல் கரையில் ஒதுங்குகிற குவியலைக் கிளறிப் பாருங்கள். மேலே காய்ந்த பழுப்பு நாடா, கீழே ஈரமான கறுப்பு. புரட்டினால் சின்னப் பூச்சிகள் துள்ளும், கையை உள்ளே விட்டால் இளஞ்சூடு தெரியும். அழுகல் என்று நாம் மூக்கைப் பொத்திக்கொள்வது, பாக்டீரியாவும் பூஞ்சையும் புல்லில் இருந்த வெயிலைச் செலவழிக்கிற வேலை. அந்தப் பாக்டீரியா ஒட்டிய துகள்களைப் புழுவும் இறாலும் நண்டும் தின்னும். கடல் அட்டை மண்ணோடு சேர்த்து விழுங்கி, சத்தை எடுத்துக்கொண்டு மண்ணை வெளியே தள்ளும். (2001 முதல் அட்டை பிடிக்கத் தடை.) காரங்காட்டு அலையாத்திக் காட்டிலும் இதே ஏற்பாடுதான்: இலை உதிர்ந்து சேற்றில் ஊறிய பிறகே பந்தி தொடங்குகிறது. இந்தக் கரையில் அழுகலிலிருந்து தொடங்குகிற சங்கிலி ஓரமான கிளை இல்லை, பல இடங்களில் அதுதான் பிரதானம்.

இங்கே மாணவர்கள் குழம்புகிற இடம் ஒன்று. கடலில் ஒரு குறிப்பிட்ட நேரத்தில் எடை போட்டால் மிதவைப் பாசியைவிட அதைத் தின்னும் உயிர்களின் எடை அதிகமாக இருக்கலாம். ஒவ்வொரு படியின் எடையையும் கீழிருந்து மேலே அடுக்கி வரைகிற எடைக் கூம்பு தலைகீழாகிறது. டீக்கடைக் கல்லாவில் எப்போது பார்த்தாலும் சில நூறு ரூபாய்தான் கிடக்கும், அதை வைத்து ஒரு நாள் வியாபாரத்தைச் சொல்ல முடியுமா? மிதவைப் பாசி ஓரிரு நாளில் இரட்டிப்பாகும், தின்னத் தின்ன வந்துகொண்டே இருக்கும். ஆற்றல் கூம்பு மட்டும் ஒருநாளும் தலைகீழாகாது.

வெப்பமாகிப் போனதைத் திரும்பப் பிடிக்க முடியாதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். முடியாது. செடிக்கும் பாசிக்கும் வேண்டியது ஒளி. தண்ணீரில் பரவிய வெப்பத்தை வைத்து எந்தப் பாசியும் சர்க்கரை செய்யாது. அது கடலில் கலந்து, காற்றுக்கு ஏறி, கடைசியில் அகச்சிவப்புக் கதிராக விண்வெளிக்குப் போய்விடும். ஆவுளியாவின் சாணத்தில் உள்ள நைட்ரஜனும் பாஸ்பரசும் அதே கடற்புல்லுக்கு உரமாகத் திரும்பலாம். அந்தப் புல்லில் இருந்த ஆற்றலுக்குத் திரும்புகிற வழி கிடையாது. அதனால்தான் சத்துக்குச் சுழற்சி என்றும் ஆற்றலுக்கு ஓட்டம் என்றும் புத்தகத்தில் பிரித்து எழுதுகிறார்கள். வெயில் தினமும் புதிதாக வந்தாக வேண்டும்.

என் சொந்தக் கருத்து ஒன்று. சங்காயம் என்று ஒதுக்குகிற பொடி மீனும் சூடையும் காய்ந்து, அரைபட்டு, கோழித் தீவனத்துக்கும் இறால் பண்ணைக்கும் போகின்றன. நாம் நேரே தின்றால் ஒரு படி மிச்சம். கருவாடாக்கித் தின்கிற பழக்கம் இந்தக் கணக்கில் நல்ல சிக்கனம்.

தேர்வுக்கு: பத்து சதவீதம் என்றே எழுதுங்கள், மதிப்பெண் கிடைக்கும். கணக்குக் கேள்வியில் மட்டும் சூரிய ஒளியிலிருந்து தாவரத்துக்குப் பத்து போட்டுவிடாதீர்கள், அந்தப் படியில் ஒரு சதவீதம்தான். எங்கள் மாவட்டத்துக் கமுதியில் 648 மெகாவாட் சோலார் நிலையம் இருக்கிறது. அதிலுள்ள தகடுகள்கூட வெயிலில் பதினைந்து சதவீதத்தையொட்டிப் பிடித்துவிடும். பச்சை இலை அந்த அளவுக்கு வராது. கணக்கைத் தொடங்கும்போது முதலில் நூறால் வகுங்கள், அதற்குப் பிறகு ஒவ்வொரு படிக்கும் பத்தால்.