மண்ணைத் தொட்டுப் பார்த்து நடுங்கள்: வீட்டுத்தோட்டம் கேள்வி பதில்

கேள்வி: மகன் கனடாவில், ரொறன்ரோ நகரின் ஸ்காபரோவில் வீடு வாங்கியிருக்கிறான், பின்வளவும் இருக்கிறது. ஏப்ரல் முதல் கிழமை நானும் இவரும் போய் ஆகஸ்ட் வரை நிற்கப்போகிறோம். அங்கே உருளைக்கிழங்கு போட ஆசை. பனி கரைந்தவுடன் போடலாம் என்கிறான் மகன். பக்கத்து வீட்டுத் தமிழ் ஐயா விக்ரோரியா தினம் வருமுன் மண்ணில் கையே வைக்க வேண்டாம் என்கிறாராம். யார் பேச்சைக் கேட்பது? (வெள்ளவத்தை வாசகி)

பதில்: இரண்டு பேர் சொல்வதற்கும் நடுவில் போடுங்கள் அம்மா. மகனுக்கு அவசரம். ஐயா சொல்வது தக்காளிக்கும் மிளகாய்க்கும் பொருந்தும், ஒரு இரவு உறைபனி பட்டாலே கருகிப்போகும் பயிர்களுக்காக அந்த ஊர்க்காரர் வைத்திருக்கும் கணக்கு அது. விக்ரோரியா தினம் கனடாவின் பொது விடுமுறை, மே 25க்கு முந்திய திங்கட்கிழமை வரும். உருளைக்கிழங்குக்காக அவ்வளவு நாள் காத்திருக்கத் தேவையில்லை, ஏனென்றால் நட்ட கிழங்கு மண்ணுக்கு மேலே தலை காட்டவே இரண்டு மூன்று கிழமை எடுக்கும், மண் குளிராக இருந்தால் நான்கும் ஆகும். ரொறன்ரோவில் கடைசி உறைபனி வழமையாக ஏப்ரல் கடைசிக்கும் மே நடுப்பகுதிக்கும் இடையில் வந்து போய்விடும். அதற்கு இரண்டு கிழமை முன்னாலேயே கிழங்கு மண்ணுக்குள் இருந்தால் ஒரு கேடும் இல்லை. ஆக, ஏப்ரல் கடைசிக் கிழமையும் மே முதல் பத்து நாட்களும்தான் உங்கள் நேரம்.

அதற்காகத் திகதியை மட்டும் நம்பி மண்ணைக் கிண்டாதீர்கள். ஒரு வருடம் ஏப்ரலிலேயே வெயில் எறிக்கும், அடுத்த வருடம் மே பிறந்தும் கை விறைக்கும். அயர்லாந்தில் மார்ச் 17, சென் பற்றிக் தினத்தில் நடுவது பழைய வழக்கம், இங்கிலாந்தில் பெரிய வெள்ளியன்று. பெரிய வெள்ளியோ மார்ச் 20இலிருந்து ஏப்ரல் 23 வரை எந்த நாளிலும் விழலாம், அதைப் பார்த்து மண் சூடேறப் போவதில்லை!

பார்க்க வேண்டியது இரண்டு. முதலாவது மண்ணின் சூடு. இறைச்சி வெந்ததா என்று குத்திப் பார்க்கும் வெப்பமானி மகன் வீட்டுக் குசினியில் இருந்தால் போதும், காலையில் மண்ணுக்குள் ஒரு சாண் அளவில் பாதி, அதாவது 10 சென்ரிமீற்றர் ஆழத்துக்குச் செருகிப் பாருங்கள். நாலைந்து நாள் தொடர்ந்து 7 பாகை செல்சியசுக்குக் குறையாமல் காட்டினால் நடலாம், 10 என்றால் இன்னும் நல்லது. மத்தியானம் பார்த்துவிட்டுச் சந்தோசப்பட வேண்டாம், மேல்மண் வெயிலுக்குச் சூடாகி ஏமாற்றும். இரண்டாவது ஈரம். ஒரு பிடி மண்ணை எடுத்து இறுக்கிப் பிடித்துவிட்டு விரலால் தட்டுங்கள். உதிர்ந்தால் சரி. களி உருண்டையாக அப்படியே நின்றால் இன்னும் சில நாள் பொறுங்கள். குளிர் மண்ணில் கிழங்கு சும்மா கிடக்கும், குளிரும் ஈரமும் சேர்ந்த மண்ணில்தான் அழுகும். பனி கரைந்த கையோடு போடலாம் என்று மகன் சொல்வதில் உள்ள பிழை இதுதான், பனி கரைந்த தண்ணீர் முழுக்க அந்த மண்ணுக்குள்தானே நிற்கிறது. பலகை அடித்து உயர்த்திக் கட்டிய பாத்தி என்றால் தண்ணீர் வடிந்து ஒரு கிழமையாவது முந்திச் சூடேறும்.

காத்திருக்கும் நாட்களை வீணாக்க வேண்டாம். போய் இறங்கிய கிழமையே விதைக்கிழங்கு வாங்கி, முட்டை அட்டையில் கண் மேலே பார்க்க அடுக்கி, வெளிச்சமும் குளிர்ச்சியும் உள்ள ஜன்னலோரம் வையுங்கள். மூன்று நான்கு கிழமையில் கட்டையாக, தடித்த முளை வரும். இருட்டு அலுமாரியில் வைத்தால் வெள்ளை வெளேரென்று நீண்டு, தொட்டவுடன் ஒடியும் முளைதான் கிடைக்கும். கடைக் கிழங்கில் முளைக்காமல் இருக்க மருந்து அடித்திருக்கக்கூடும், நோயும் இருக்கலாம். அதனால் விதைக்கென்று விற்பதையே வாங்குங்கள். இங்கிருந்து பெட்டியில் கொண்டுபோகும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள், விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள்.

ஆகஸ்டில் திரும்புகிறீர்கள் என்பதால் இனமும் முக்கியம். நோர்லாண்ட் மாதிரிக் கெதியாக விளைவதை எடுத்தால் ஜூலைக் கடைசியில் தோண்டலாம். யூக்கன் கோல்ட் சற்றுப் பிந்தும், ஆனால் அது ஒன்ராறியோவிலேயே, குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் உருவான இனம், பிரட்டல் கறிக்கும் நன்றாக இருக்கும். பிந்தி விளையும் இனங்களை வைத்தால் நீங்கள் பிளேனில் ஏறிய பிறகு மகன்தான் தோண்டுவான்.

முளை வெளியே வந்த பிறகு உறைபனி வரும் என்று வானிலை அறிக்கை சொன்னால், பின்னேரமே மண்ணை இழுத்து முளையை மூடுங்கள், அல்லது பழைய பெட்சீற் போர்த்திவிட்டுக் காலையில் எடுங்கள். தப்பித் தவறி இலை கறுத்தாலும் செடி போய்விட்டது என்று பிடுங்க வேண்டாம், கீழே இருந்து திரும்ப முளைக்கும், விளைச்சல்தான் பிந்தும். செடி ஒரு சாண் வளர்ந்ததும் அடியில் மண் அணையுங்கள், வெளிச்சம் பட்ட கிழங்கு பச்சையாகிக் கசக்கும். மஞ்சளில் கறுப்புக் கோடு போட்ட வண்டு இலையில் தெரிந்தால் கையால் பொறுக்கிச் சவர்க்காரத் தண்ணீரில் போடுங்கள்.

பிந்தி நடுவதில் என்ன நட்டம் என்று ஐயா கேட்கலாம். கிழங்கு திரள்வதற்கு மண் 15 முதல் 20 பாகைக்குள் இருப்பது நல்லது. ஜூனில் நட்டால் கிழங்கு வைக்கும் நேரம் ஜூலைச் சூட்டில் மாட்டும்.

கேள்வி: தெஹிவளையில் மொட்டைமாடி இருக்கிறது. உரப்பையில் மண் நிரப்பி உருளைக்கிழங்கு வளர்க்கலாமா? எந்த மாதம் நடுவது? (ஒரு வாசகர்)

பதில்: செடி வளரும். கிழங்கு வராது, வந்தாலும் மாபிள் போளை அளவில்தான் வரும். முந்திய பதிலின் கடைசி வரிகள்தான் உங்களுக்கும் காரணம். உருளைக்கிழங்குக்குக் குளிர்ந்த இரவு வேண்டும், இலை பகலில் தேடியதை அந்தக் குளிரில்தான் கீழே அனுப்பும். கொழும்பில் ஜனவரி இரவுகூட 22 பாகைக்குப் பக்கத்தில் நிற்கிறது, ஏப்ரலில் கேட்கவே வேண்டாம், மொட்டைமாடியின் கொங்கிறீற் இன்னும் சுடும். பிள்ளைகளுக்குக் காட்டத்தான் என்றால் டிசம்பர் தொடக்கத்தில் ஒரு பை வைத்துப் பாருங்கள். மற்றப்படி அதே பையில் வற்றாளைக் கொடியை நடுங்கள், சூட்டுக்குச் சளைக்காது, இலையையும் சுண்டலாம். உருளைக்கிழங்கு இலையைச் சுண்டிவிடாதீர்கள், அது நஞ்சு.

கேள்வி: வேலை கொழும்பில், ஊர் சுன்னாகம். சித்திரை வருடப்பிறப்பு லீவுக்குப் போகும்போது வளவில் கொஞ்சம் உருளைக்கிழங்கு போட்டுவிட்டு வரலாமா? கிணறு இருக்கிறது.

பதில்: வேண்டாம். கிணற்றுத் தண்ணீர் வேருக்கு ஈரம் தரும், சித்திரை வெயிலைத் தணிக்காது. யாழ்ப்பாணத்தில் பெருமழை ஓய்ந்து மண் பதமானதும், நவம்பர் கடைசியிலும் டிசம்பரிலும் நட்டு, மாசி பங்குனியில் கிண்டுகிறார்கள். மார்கழி, தை மாதக் குளிரை நம்பிச் செய்யும் பயிர் அது. அதிலும் இடைவெளி குறைவு, விதைக்கிழங்கு பிந்தி வந்து நடுகை தை நடுவுக்குப் போனால், கிழங்கு பருக்கும் நேரத்தில் பங்குனி வெயில் பிடித்துவிடும். முந்தினால் மழையில் அழுகும். இந்த லீவுக்குப் போனால் இராசவள்ளி நட்டுவிட்டு வாருங்கள், தைப்பொங்கலை ஒட்டிக் கிண்டலாம், கூழும் காய்ச்சலாம். உருளைக்கிழங்குக்குக் கார்த்திகையில் லீவு போடுங்கள்.

கேள்வி: நான் கொட்டாஞ்சேனையில் கடையில் நிற்கிறேன். நுவரெலியாவில் அம்மா வீட்டுக்கு முன்னால் கொஞ்சம் நிலம். தைப்பொங்கல் முடிந்த கையோடு கிழங்கு போடச் சொன்னேன், அம்மா மாசி கழியட்டும் என்கிறார்.

பதில்: அம்மா சொல்வதைக் கேளுங்கள். ஜனவரி, பெப்ரவரியில் அங்கே துகள் உறைபனி விழும், தேயிலைக் கொழுந்தையே கருக்கிவிடும், கிழங்கு முளை எந்த மூலைக்கு? பெப்ரவரிக் கடைசியில் அல்லது மார்ச்சில் நட்டால் முளை வரும்போது ஆபத்து கழிந்திருக்கும். அதற்குமேல் தள்ளிப்போடவும் வேண்டாம். மே கடைசியில் தென்மேற்குப் பருவமழை பிடிக்கும், தொடர் மழையும் குளிரும் மூடுபனியும் சேர்ந்தால் இலை கறுத்து அழுகும் நோய் சில நாட்களிலேயே பாத்தி முழுக்கப் பரவும். 1845இல் அயர்லாந்தைப் பஞ்சத்தில் தள்ளிய அதே நோய்தான். கிரனோலா இனம் போட்டால் மூன்று மாதம் அளவில் தோண்டிவிடலாம்.

கேள்வி: முளைவிட்ட கிழங்கைச் சமைக்கலாமா? (வத்தளை வாசகி)

பதில்: கிழங்கு இறுக்கமாக இருந்து, முளையும் சின்னதென்றால் கண்ணோடு ஆழமாகச் சீவி எறிந்துவிட்டுச் சமைக்கலாம். சுருங்கியிருந்தாலோ, தோல் பச்சையாகியிருந்தாலோ வேண்டாம், அதில் நஞ்சு சேர்ந்திருக்கும், அவித்தாலும் போகாது.