ஆறு வருஷம் கழித்து மறுபடி வார்டுக்கு: முதலில் எதைச் செய்வது?

கேள்வி: நான் பொள்ளாச்சிக்காரி. கோவையில் பி.எஸ்சி. நர்சிங் முடித்து, அங்கேயே மூன்று வருஷம் மெடிக்கல் வார்டு, ஒரு வருஷம் ஐ.சி.யூ. பார்த்தேன். கல்யாணமாகிக் கொழிஞ்சாம்பாறை வந்து, இரண்டு குழந்தைகளோடு ஆறு வருஷம் போய்விட்டது. சின்னவனுக்கு ஒன்றரை வயது, இன்னும் பால் குடிக்கிறான். பாலக்காட்டில் வேலைக்குப் போக ஆசை. எங்கிருந்து தொடங்கட்டும்?

பதில்: நர்சிங் கவுன்சில் பதிவுக் காகிதத்திலிருந்து தொடங்குங்கள். கைத்திறன் வார்டில் நின்றால் திரும்பிவிடும். காகிதம் எப்போது நகரும் என்பது உங்கள் கையில் இல்லை.

தமிழ்நாட்டு கவுன்சில் பதிவை மட்டும் வைத்துக்கொண்டு பாலக்காட்டில் சேர முடியாது. திருவனந்தபுரத்திலுள்ள கேரள நர்ஸஸ் அண்ட் மிட்வைவ்ஸ் கவுன்சிலில் ரெசிப்ரோக்கல் பதிவு (ஒரு மாநிலப் பதிவை வைத்து இன்னொரு மாநிலத்தில் வாங்குவது) வாங்க வேண்டும். அதற்குத் தமிழ்நாட்டுப் பதிவு நடப்பில் இருக்க வேண்டும். இடையில் காலாவதியாகியிருந்தால் சென்னையில் புதுப்பித்த பிறகுதான் கேரளம். இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த கணக்கு ஐந்து வருஷத்துக்கு 150 மணி நேரத் தொடர்கல்வி. வீட்டிலிருந்த காலத்தில் அது சேர்ந்திருக்காது. கவுன்சில் அங்கீகரித்த வகுப்புகளை இப்போதே தேடிச் சேருங்கள். பணம் கட்டுமுன் சான்றிதழில் மணிநேரமும் அங்கீகார எண்ணும் வருமா என்று கேளுங்கள்.

விண்ணப்பம் பெரும்பாலும் பெயரில்தான் இடறும். தமிழ்நாட்டுச் சான்றிதழில் அப்பாவின் இனிஷியல், கல்யாணத்துக்குப் பிறகு மாற்றிய ஆதாரில் கணவர் பெயர், வங்கிக் கணக்கில் இனிஷியல் விரித்த பெயர் என்று ஒரே ஆள் மூன்று பேராக நிற்பார். கேரளத்தில் இதற்கு வில்லேஜ் ஆபீசர் தருகிற ‘ஒன் அண்ட் த சேம்’ சான்றிதழ் இருக்கிறது. அக்ஷயா என்ற அரசு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். பழைய மருத்துவமனையில் அனுபவச் சான்றிதழையும் கையோடு வாங்கிவிடுங்கள். நாள் போகப்போக உங்களைத் தெரிந்தவர்கள் அங்கே குறைவார்கள்.

கேரளப் பதிவு வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. வேலந்தாவளம் தாண்டினால் தமிழ்நாடு. உங்கள் பழைய பதிவு நடப்பில் இருந்தால் அங்கே அதுவே போதும். கோவைப் பக்கம் பகல் ஷிப்டில் ஒரு வேலை கிடைத்தால், ‘ஆறு வருஷ இடைவெளி’ என்பது பயோடேட்டாவின் முதல் வரியிலிருந்து இரண்டாம் வரிக்கு இறங்கிவிடும்.

இனி கைத்திறன். ஐ.சி.யூ. அனுபவம் இருக்கிறது என்று நேராக அங்கே கேட்காதீர்கள். மெடிக்கல் வார்டில் மூன்று மாதமாவது நின்றுவிட்டுப் போவதே நல்லது. கான்யூலா (ரத்தநாளத்தில் செருகும் ஊசிக்குழாய்) போடுவது விரலில் தங்கியிருக்கும். முதலில் மறப்பது கணக்கு. 500 மி.லி. சலைன் 8 மணி நேரத்தில் போக வேண்டும், டிரிப் செட் மி.லி.க்கு 20 சொட்டு: 500 × 20 ÷ 480, நிமிஷத்துக்கு 21 சொட்டு. இதைப் பேப்பர் இல்லாமல் சொல்ல வர வேண்டும். ரத்த அழுத்தத்தை ஏற்றும் நார்அட்ரினலின் 4 மி.கி.யை 50 மி.லி.யில் கலந்தால் மி.லி.க்கு 80 மைக்ரோகிராம். 60 கிலோ ஆளுக்கு, கிலோவுக்கு நிமிஷத்துக்கு 0.1 மைக்ரோகிராம் வேகம் என்றால் மணிக்கு 4.5 மி.லி. ஆம்பூலில் எழுதியிருப்பது பைடார்ட்ரேட் உப்பின் எடையா, அடிப்படை மருந்தின் எடையா என்று பாருங்கள்: 2 மி.கி. பைடார்ட்ரேட்டில் 1 மி.கி. நார்அட்ரினலின்தான் இருக்கிறது.

இன்சுலினில் இன்னும் கவனம். நம் ஊர் மருந்துக் குப்பி (வயல்) பெரும்பாலும் மி.லி.க்கு 40 யூனிட், அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். பேனா கார்ட்ரிட்ஜில் மி.லி.க்கு 100. அவசரத்தில் கார்ட்ரிட்ஜ் மருந்தை 40 சிரிஞ்சில் 10 கோடு வரை இழுத்தால், உள்ளே போவது 25 யூனிட். நைட்டில் சர்க்கரை இறங்கி நோயாளி வியர்த்துக் கிடப்பதற்கு அந்த ஒரு கோடு போதும். மருந்தின் லேபிளையும் சிரிஞ்சின் எண்ணையும் சேர்த்து வாசித்த பிறகே இழுங்கள்.

பி.எல்.எஸ். (அடிப்படை உயிர்காப்புப் பயிற்சி) சான்றிதழ் இரண்டு வருஷத்துக்குத்தான் செல்லும், புதிதாக எடுங்கள். நெஞ்சில் அழுத்துவது நிமிஷத்துக்கு 100 முதல் 120, ஆழம் 5 செ.மீ.க்குக் குறையாமல், 6-ஐத் தாண்டாமல். 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி எப்போதோ போட்டதாக இருக்கும். ரத்தத்தில் ஆன்டிபாடி அளவு பார்த்து, மி.லி.க்கு 10 mIU-க்குக் கீழே இருந்தால் சேருமுன்பே டாக்டரிடம் காட்டுங்கள்.

மலையாளம் உங்கள் காதுக்குப் பழகியிருக்கும். ‘பனி’ என்றால் காய்ச்சல், ‘சர்த்தி’ என்றால் வாந்தி என்று தெரிந்தே இருப்பீர்கள். ஆனால் சம்மதப் படிவம் மலையாள எழுத்தில் இருக்கும். தினம் அரைமணி நேரம் எழுத்துக்கூட்டிப் படியுங்கள். வாசிக்கத் தெரியாத தாளில் நோயாளியிடம் கையெழுத்து வாங்கக் கூடாது.

இன்டர்வியூவில் இடைவெளியை மறைக்க வேண்டாம். ‘குழந்தைகளுக்காக ஆறு வருஷம் வீட்டில் இருந்தேன்’ என்று ஒரு வரி சொல்லிவிட்டு, புதுப்பித்த பதிவையும் பி.எல்.எஸ். சான்றிதழையும் மேஜையில் வையுங்கள். பிறகு நீங்கள் கேளுங்கள்: சீனியர் சிஸ்டரோடு நிற்கும் காலம் எத்தனை வாரம், ஷிப்டு எப்படி, நைட் மாதத்தில் எத்தனை? பகலில் ஆறு மணி நேரமாக இரண்டு ஷிப்டு, நைட் 12 மணி நேரம் என்ற 6-6-12 முறையா என்று தெளிவாகக் கேளுங்கள். 2018-இல் கேரள அரசு தனியார் மருத்துவமனை நர்ஸுக்குக் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளமாக 20,000 ரூபாய் நிர்ணயித்தது. நியமன ஆர்டரில் அடிப்படைச் சம்பளம் தனியாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அசல் சான்றிதழ்களைக் காட்டலாம், விட்டுவிட்டு வராதீர்கள்.

50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், தாய் தினம் நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்பது 2017-இல் திருத்திய மகப்பேறு சட்டத்தில் வந்த விதி. காப்பகம் இல்லையென்றால் சின்னவன் மாமியாரிடம் இருப்பான், மார்பு உங்களோடு வார்டில் இருக்கும். 12 மணி நேர நைட்டில் மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பாலைக் கறந்துவிடுங்கள். விட்டால் கட்டிக்கொண்டு காய்ச்சலில் முடியும். கறந்த பால் 25 டிகிரி வரையுள்ள அறையில் 4 மணி நேரம், ஃப்ரிட்ஜில் 4 நாள் தாங்கும். மீன மாதச் (நம் பங்குனி) சூட்டில் பாலக்காட்டு வார்டுக்கு அந்த 4 மணிக் கணக்கு பொருந்தாது. ஐஸ் பேக்கோடு ஒரு சின்ன டப்பா கொண்டுபோங்கள். அதை மருந்து ஃப்ரிட்ஜுக்குள் வைக்காதீர்கள்.