எந்தத் தொந்தரவும் இல்லாதபோது கருப்பை வாய்ப் பரிசோதனை தேவையா?

உங்களுக்கு வயது 38, இரண்டு பிள்ளைகள், மாதவிலக்கு ஒழுங்காக வருகிறது, வலியோ வெள்ளைப்படுதலோ இல்லை. அப்படியிருக்க, கருப்பை வாயிலிருந்து செல் மாதிரி எடுத்துச் செய்யும் பாப் ஸ்மியர், எச்.பி.வி. சோதனை என்று மருத்துவர் எழுதிக்கொடுத்தவை தேவைதானா, வலிக்குமா, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை செய்ய வேண்டும், இதுவரை ஒருமுறைகூடச் செய்துகொள்ளாத 62 வயது அம்மாவுக்கும் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மகளிர் நலப் பிரிவில் செவிலியராக இருந்து, இந்த மாதிரிகளை எடுப்பதையே அன்றாட வேலையாகச் செய்துவருபவள் என்ற முறையில் பதில் சொல்கிறேன். உங்கள் இருவருக்குமே தேவை. தொந்தரவு எதுவும் இல்லாத இந்தக் காலத்தில்தான் இந்தச் சோதனையால் முழுப் பயன் கிடைக்கும்.

இது புற்றுநோயைக் கண்டுபிடிக்கும் சோதனை என்று நினைப்பதால்தான், "எனக்குத்தான் ஒன்றும் இல்லையே" என்று பலரும் தள்ளிப்போடுகிறார்கள். முதன்மையாக இது தேடுவது, புற்றாக மாறக்கூடிய, ஆனால் இன்னும் மாறிவிடாத செல்களை. கருப்பை வாய்ப் புற்றுநோய் கண்டவர்களில் ஏறத்தாழ எல்லாருக்குமே அது எச்.பி.வி. எனப்படும் ஹியூமன் பாப்பிலோமா வைரஸால் வருகிறது. அதன் பல வகைகளில் 16, 18 ஆகிய இரண்டு மட்டுமே சுமார் 70 விழுக்காட்டுக்குக் காரணமாகின்றன. அவ்விரண்டையும் 1983, 1984 ஆண்டுகளில் புற்றுத் திசுவில் கண்டறிந்த ஜெர்மானிய ஆய்வாளர் ஹரால்ட் சூர் ஹவுசன் 2008-ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு பெற்றார். உடலுறவு மூலம் பரவும் இந்த வைரஸ் வாழ்நாளில் ஒருமுறையாவது பெரும்பாலானோரைத் தொற்றுகிறது. அவர்களில் மிகப் பலருக்கு உடலின் எதிர்ப்பாற்றலே ஓரிரு ஆண்டுகளுக்குள் அதை அடக்கிவிடுகிறது. அடங்காமல் தங்கிவிடும் சிலரிடம், கருப்பை வாயில் இருவகைச் செல்கள் சந்திக்கும் குறுகிய வளையப் பகுதியில் மெல்ல மெல்ல மாற்றங்கள் உண்டாகின்றன. அந்த மாற்றம் புற்றாக முற்றுவதற்குப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகின்றன, எச்.ஐ.வி. போன்ற காரணங்களால் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்கு இது 5 முதல் 10 ஆண்டுகளாகச் சுருங்கலாம். இந்த நீண்ட இடைவெளி முழுவதும் வலி, இரத்தப்போக்கு, காய்ச்சல் என்று எதுவும் தலைகாட்டுவதில்லை. ஆகவே, அறிகுறி தெரியட்டும் என்று காத்திருப்பவர், எளிதாகத் தடுக்கக்கூடிய காலத்தையெல்லாம் கைநழுவ விடுகிறார்.

அந்த மாற்றங்களை அப்படியே விட்டால்தான் என்ன ஆகும் என்பதற்கு மருத்துவ வரலாற்றில் வேதனையான ஒரு சான்று உண்டு. நியூசிலாந்தின் ஆக்லாந்தில், 1960-களிலும் 70-களிலும், சி.ஐ.என். 3 எனப்படும் கடுமையான முன்மாற்றம் கண்டறியப்பட்ட பெண்கள் சிலருக்கு முறையான சிகிச்சை தரப்படாமல் வெறும் கண்காணிப்பு மட்டுமே நடந்தது. அப்படி நடப்பது அவர்களில் பலருக்குத் தெரியவும் இல்லை. பின்னர் அரசு விசாரணைக்குள்ளான அந்த நிகழ்வின் ஆவணங்களை ஆராய்ந்து 2008-ல் வெளியான ஆய்வின்படி, சிகிச்சை பெறாதவர்களில் 30 ஆண்டுகளுக்குள் புற்றுநோய் கண்டவர்கள் சுமார் 31 விழுக்காடு. முறையாகச் சிகிச்சை பெற்றவர்களில் 1 விழுக்காட்டுக்கும் குறைவு. அந்தப் பெண்கள் பட்ட துன்பத்திலிருந்து கிடைத்த இந்த எண்களைத்தான், யாராவது தயங்கும்போது நான் நினைத்துக்கொள்கிறேன்.

சோதனைகளில் மூன்று வகை வழக்கத்தில் உள்ளன. ஜார்ஜ் பாப்பனிகொலாவ் 1920-களில் தொடங்கி, 1940-களில் மருத்துவ உலகம் ஏற்கும்படி செய்த பாப் ஸ்மியரில், கருப்பை வாயிலிருந்து உதிரும் செல்களைச் சேகரித்து நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். எச்.பி.வி. சோதனையில் செல்களின் தோற்றத்தைப் பார்ப்பதற்குப் பதிலாக, ஆபத்தான வகை வைரஸின் மரபணு இருக்கிறதா என்று தேடுகிறார்கள். ஆய்வக வசதி குறைந்த இடங்களில், நீர்த்த அசெட்டிக் அமிலத்தைக் கருப்பை வாயில் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று வெறுங்கண்ணால் பார்க்கும் முறையும் உண்டு. இவற்றுள் எது நல்லது என்று கேட்டால், கிடைக்குமானால் எச்.பி.வி. சோதனை என்பேன். பாப் ஸ்மியர் பல நாடுகளில் இறப்பைப் பெருமளவு குறைத்த சோதனைதான், அதில் ஐயமில்லை. ஆனால் அது பார்ப்பவரின் கண்ணையும் மாதிரியின் தரத்தையும் நம்பியிருப்பதால் ஒரே ஒருமுறை எடுத்ததை வைத்து முழு நிம்மதி கொள்ள முடியாது, குறித்த காலத்தில் திரும்பத் திரும்ப எடுத்தால்தான் அதன் பலன் முழுமையாகும்.

இடைவெளியும் இதை ஒட்டியே அமைகிறது. பாப் ஸ்மியர் மட்டும் என்றால் 3 ஆண்டுக்கு ஒருமுறை, எச்.பி.வி. சோதனை என்றால் 5 ஆண்டுக்கு ஒருமுறை என்பது பல நாடுகளின் நடைமுறை. உலக சுகாதார நிறுவனம் 30 வயதிலிருந்து 5 முதல் 10 ஆண்டுக்கு ஒருமுறை எச்.பி.வி. சோதனையும், எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு 25 வயதிலிருந்து 3 முதல் 5 ஆண்டுக்கு ஒருமுறையும் பரிந்துரைக்கிறது. 2020-ல் அது அறிவித்த இலக்கின்படி, 2030-க்குள் 70 விழுக்காட்டுப் பெண்கள் 35 வயதுக்குள் ஒருமுறையும் 45 வயதுக்குள் மறுமுறையும் சோதிக்கப்பட்டிருக்க வேண்டும். ஆண்டுதோறும் செய்துகொண்டால் இன்னும் பாதுகாப்புத்தானே என்று ஆர்வத்துடன் கேட்பவர்களும் இருக்கிறார்கள். தானாகவே மறையப்போகும் தொற்றுகளையும் சிறு மாற்றங்களையும் துரத்திப் பிடித்து, தேவையில்லாத பயாப்ஸிக்கும் (திசு எடுத்துச் சோதிப்பதற்கும்) சிகிச்சைக்கும் அது வழிவகுத்துவிடும்; கருப்பை வாயின் ஒரு பகுதியை அகற்றும் சிகிச்சைகள் பிற்காலக் கர்ப்பத்தில் குறைப்பிரசவ வாய்ப்பைக் கூட்டக்கூடும் என்பதால், அளவுக்கு மீறிய சோதனையும் நன்மையன்று. மிக இளம் வயதில் தொடங்காமல் இருப்பதற்கும் இதே காரணம்தான்.

வலிக்குமா என்ற கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் பெரும்பாலானவர்களை உண்மையில் தடுத்து நிறுத்துவது அச்சமும் கூச்சமும்தான். இடுப்புக்குக் கீழே துணியால் மூடி, கால்களை மடக்கி அகற்றிப் படுக்கச் சொல்வோம். ஸ்பெகுலம் என்ற கருவியை உள்ளே செலுத்தி மெதுவாக விரிக்கும்போது ஓர் அழுத்தம் தெரியும். உலோகக் கருவியாக இருந்தால் வெதுவெதுப்பான நீரில் காட்டிய பிறகே நான் பயன்படுத்துவேன், குளிர்ச்சி பட்டதும் தசைகள் இறுகிக்கொள்ளும் என்பதால். விளக்கொளியில் கருப்பை வாய் இளஞ்சிவப்பாக, நடுவில் சிறு துளையுடன் தெரியும். மென்மையான தூரிகையின் நுனி அந்தத் துளைக்குள் பொருந்துமாறு வைத்து, ஒரே திசையில் ஐந்து முறை சுழற்றி எடுத்து, திரவம் உள்ள குப்பியில் அலசி மூடிவிடுவோம். அந்தச் சுழற்சியின்போது அடிவயிற்றில் மாதவிலக்கு வலிபோல் சுண்டி இழுக்கும் ஒரு வலி சிலருக்கு உண்டாகும், பலர் "முடிந்துவிட்டதா?" என்றுதான் கேட்கிறார்கள். மறுநாள் வரை சொட்டுச் சொட்டாக இரத்தம் படலாம், அதற்காக அஞ்ச வேண்டாம். மாதவிலக்கு நாட்களைத் தவிர்த்து வாருங்கள். முந்தைய இரண்டு நாட்கள் உடலுறவும், பிறப்புறுப்பினுள் வைக்கும் மருந்தும், உள்ளே நீர் பீய்ச்சிக் கழுவுவதும் வேண்டாம். பெண் ஒருவரே எடுக்க வேண்டும் என்று கேட்கவும், நடுவில் நிறுத்தச் சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு. அப்படிக் கேட்பதை யாரும் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இனி முடிவைப் பற்றி. "எச்.பி.வி. பாசிட்டிவ்" என்று தாளில் கண்டதுமே தனக்குப் புற்றுநோய் என்று முடிவுகட்டி அழுதுவிடுபவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அதன் பொருள் வைரஸ் இருக்கிறது என்பது மட்டுமே. அடுத்த படியாக அதே மாதிரியில் செல்களைப் பார்ப்பார்கள், அல்லது கால்போஸ்கோப் என்ற உருப்பெருக்கிக் கருவியால் கருப்பை வாயை நேரில் ஆராய்வார்கள், ஐயம் இருந்தால் ஓரிரு மில்லிமீட்டர் அளவு திசு எடுப்பார்கள். லேசான மாற்றம் என்றால் பெரும்பாலும் காத்திருந்து மறுசோதனை செய்தாலே போதும். கடுமையான மாற்றம் என்றால் உறைய வைத்தோ, வெப்பத்தால் சுட்டோ, மெல்லிய மின்கம்பி வளையத்தால் வழித்தோ அப்பகுதியை நீக்கிவிடுவார்கள். பெரும்பாலானோர் அன்றே வீடு திரும்பலாம், கருப்பை அப்படியே இருக்கும்.

இதைவிடக் கனமான ஒரு துயரத்தையும் இந்தத் தாள் சிலருக்குக் கொண்டுவருகிறது. முடிவைப் பார்த்த ஒரு பெண் என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்ட முதல் கேள்வி தன் உடல்நலம் பற்றியதாக இல்லை, "இதை அவரிடம் எப்படிச் சொல்வேன், என்னைத் தவறாக நினைப்பாரே?" என்பதுதான். இந்த வைரஸ் பல ஆண்டுகள் சோதனைக்கே தென்படாத அளவில் அடங்கிக் கிடந்து, பின்னர் வெளிப்படக்கூடியது. எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்பதை எந்தச் சோதனையாலும் சொல்ல முடியாது. ஆகையால், இந்த முடிவை வைத்துக்கொண்டு மனைவியையோ கணவரையோ சந்தேகிப்பதற்கு மருத்துவ அடிப்படை கிடையாது. அந்தப் பெண் கேட்டுக்கொண்டபடி இதை அவருடைய கணவரிடம் மருத்துவரே எடுத்துச் சொன்னார். ஒரே துணையுடன் மட்டும் வாழ்ந்த பெண்ணுக்கும் இந்தத் தொற்று வரலாம் என்பதால், "நான் அப்படிப்பட்டவள் இல்லை" என்று சோதனையை மறுப்பதிலும் பொருளில்லை.

மாதிரி கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று எண்ணி, முடிவை வாங்க வராமல் இருப்பவர்கள் எங்களுக்குப் பெரும் கவலை. முடிவு வந்து, தேவையான சிகிச்சையும் நடந்தால்தான் சோதித்ததற்குப் பலன். ஆகவே மாதிரி கொடுக்கும் அன்றே, முடிவு எப்போது, யார் மூலம் கிடைக்கும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். குறித்த நாள் கடந்தும் தகவல் வராவிட்டால், எல்லாம் நலம் என்று நீங்களாகவே எடுத்துக்கொள்ளாமல் விசாரியுங்கள்.

தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களுக்கும் சோதனை உண்டு. 2006 முதல் புழக்கத்தில் உள்ள இந்தத் தடுப்பூசி மிகச் சிறந்த பாதுகாப்பு என்றாலும், ஆபத்தான எல்லா வகைகளையும் அது தடுப்பதில்லை. முன்பே உள்ள தொற்றைப் போக்குவதும் இல்லை. கருப்பையை அகற்றிக்கொண்டவர்கள், கருப்பை வாயும் சேர்த்து அகற்றப்பட்டதா என்று அறுவை சிகிச்சைக் குறிப்பில் பார்க்க வேண்டும். வாய்ப்பகுதி விடப்பட்டிருந்தால் சோதனை தொடர வேண்டும். சினைப்பைப் புற்றுநோயையோ கருப்பையின் உட்பகுதிப் புற்றுநோயையோ கண்டறிவதற்கு உரிய சோதனை இது அன்று.

உடலுறவுக்குப் பின் இரத்தம் படுதல், இரு மாதவிலக்குகளுக்கு இடையே உதிரப்போக்கு, மாதவிலக்கு நின்ற பின் மீண்டும் இரத்தம் காணுதல், துர்நாற்றத்துடன் வெள்ளைப்படுதல் ஆகியவற்றில் எது இருந்தாலும், போன ஆண்டுதான் சோதனை நலமாக வந்தது என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாமல் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். அவற்றுக்கு வழக்கமான சோதனைக்கான முறை வரும் வரை காத்திருக்கக் கூடாது.

உங்கள் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். 65 வயதுக்குப் பிறகு நிறுத்திவிடலாம் என்று சில நாடுகளில் சொல்வது, அதற்கு முன் ஒழுங்காகச் சோதித்து, தொடர்ந்து நலமான முடிவு பெற்றவர்களுக்கு மட்டுமே பொருந்தும். ஒருமுறையும் செய்துகொள்ளாதவரை வயது தானாகக் காப்பாற்றுவதில்லை. மாதவிலக்கு நின்ற பின் அந்த வளையப் பகுதி உள்வாங்கிக் கண்ணுக்குத் தெரியாமல் போவதால், அமிலம் தடவிப் பார்க்கும் முறை அவருக்குப் பொருந்தாது, எச்.பி.வி. சோதனையே ஏற்றது. அந்த வயதில் உறுப்பு வறண்டிருக்கும் என்பதால் ஸ்பெகுலம் உறுத்தும். சிறிய அளவுக் கருவியைக் கேளுங்கள், தேவைப்பட்டால் சில வாரங்களுக்கு முன்பே ஈஸ்ட்ரோஜன் களிம்பு தருவது பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். எவ்வளவு சொல்லியும் படுக்க மாட்டேன் என்று மறுத்தால், பஞ்சுக் குச்சியைத் தாமே உள்ளே வைத்துச் சுழற்றி மாதிரி எடுத்துக்கொடுக்கும் முறை இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2022 முதல் சோதனைக்குரிய எல்லாப் பெண்களும் அதைத் தேர்ந்தெடுக்கலாம், துல்லியத்திலும் நாங்கள் எடுக்கும் மாதிரிக்கு அது ஏறக்குறைய ஈடாக நிற்கிறது. உங்களுக்கான நாளைக் குறிக்கும்போது, அந்த வசதி அங்கே உண்டா என்று அம்மாவுக்காகவும் கேட்டுவிடுங்கள். முடிந்தால் இருவரும் ஒரே நாளில் போய் வாருங்கள்.